கணிப்பொறி மாறினால் விடை மாறுமா?

பிளஸ் டூ தேர்வு முடிவு வந்துவிட்டது. கல்லூரியில் இயற்பியலோ, வேதியியலோ, உயிரியலோ படிக்க உங்களுக்கு இடமும் கிடைத்துவிட்டது என்று வைத்துக் கொள்வோம். அடுத்த வாரமே வீட்டில் ஒரு பேச்சு எழும். "கம்ப்யூட்டர் வாங்க வேண்டுமாமே, எதை வாங்குவது?" மாமா ஒன்று சொல்வார். அடுத்த தெரு அண்ணன், அதை மட்டும் வாங்கிவிடாதே என்பார். கடைக்காரரோ, தம் கடையில் எது தேங்கிக் கிடக்கிறதோ அதுவே உலகில் சிறந்தது என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொல்வார். போடப்போவதோ அப்பாவின் பல மாதச் சேமிப்பு, அல்லது வங்கியில் வாங்கிய கல்விக் கடனில் ஒரு பங்கு. ஒரு முறை தவறினால் மூன்று, நான்கு ஆண்டுகளுக்கு அந்தத் தவற்றோடுதான் குடித்தனம் நடத்த வேண்டும்.

விலைப் பட்டியலைக் கையில் எடுக்குமுன் ஒரு கதையைக் கேளுங்கள். உண்மையில் நடந்ததுதான்.

ஒரு சேர்மத்தின் மூலக்கூறு எப்படி அமைந்திருக்கிறது என்று கண்டறிய வேதியியலார் அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு என்னும் முறையைக் கையாளுகிறார்கள். கருவியில் கிடைக்கும் குறிகளை, கணிப்பொறியில் கணக்கிட்டுப் பெற்ற குறிகளோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். இரண்டும் பொருந்தினால், ஊகித்த அமைப்பு சரி எனலாம். ஆனால் மூலக்கூறு ஒரே வடிவில் சும்மா நிற்பதில்லை. நம் கை முழங்கையிலும் மணிக்கட்டிலும் திரும்புவதுபோல அதன் பிணைப்புகள் திரும்பிக்கொண்டே இருக்கும். ஆகவே ஒவ்வொரு வடிவத்திற்கும் ஆற்றல் எவ்வளவு, குறி எவ்வளவு என்று தனித்தனியே கணக்கிட வேண்டும். பிறகு, ஆற்றல் குறைந்த வடிவத்திற்கு அதிக எடை கொடுத்துச் சராசரி காண வேண்டும்.

இந்தச் சராசரி வேலையைச் செய்து கொடுக்கும் சிறு புரோகிராம் ஒன்றை, அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழக வேதியியலார் 2014-இல் வெளியிட்டார்கள். பைத்தான் மொழியில் எழுதப்பட்டது. மிகவும் பயனுள்ளது, பல ஆய்வுக்கூடங்கள் எடுத்துப் பயன்படுத்தின. ஐந்து ஆண்டுகள் கழித்து, 2019-இல், ஹவாய் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் ஒரு விசித்திரத்தைக் கண்டார்கள். அதே புரோகிராம், அதே எண்கள். ஆனால் வெவ்வேறு இயக்க அமைப்பு உள்ள கணிப்பொறிகளில் ஓட்டினால் வெவ்வேறு விடை வந்தது! வித்தியாசம் சிறியதுதான். ஆனால் ஒரு சேர்மத்தின் அமைப்பு இதுவா, அதுவா என்று தடுமாறும் இடத்தில் சிறு வித்தியாசமே தீர்ப்பை மாற்றிவிடக் கூடும்.

எப்படி நேர்ந்தது இது? உங்கள் வகுப்பிலேயே ஓர் உதாரணம் காணலாம். கணக்கு ஆசிரியர் விடைத்தாள்களை வருகைப் பதிவேட்டின் வரிசையில் அடுக்கிக் கட்டிக் கொடுக்கிறார். ஆங்கில ஆசிரியர் தாம் திருத்தி முடித்த வரிசையில் கட்டிக் கொடுக்கிறார். மதிப்பெண் பட்டியல் தயாரிப்பவர் பெயரைப் பார்க்காமல், முதல் தாளோடு முதல் தாள், இரண்டாவதோடு இரண்டாவது என்று கூட்டிக்கொண்டே போனால் என்ன ஆகும்? கூட்டலில் ஒரு பிழையும் இராது. ஆனால் அருணாவின் கணக்கு மதிப்பெண்ணும் முருகனின் ஆங்கில மதிப்பெண்ணும் சேர்ந்து யாருக்கோ போய்விடும்.

அந்தப் புரோகிராமும் இதையே செய்தது. ஆற்றல் அடங்கிய கோப்புகள் ஒரு கட்டு, குறிகள் அடங்கிய கோப்புகள் மற்றொரு கட்டு. "இந்த உறையில் உள்ள கோப்புகளின் பெயர்களைக் கொடு" என்று அது இயக்க அமைப்பைக் கேட்கும். இரண்டு கட்டுகளும் ஒரே வரிசையில்தான் வரும் என்று நம்பி ஒன்றோடொன்று இணைத்துவிடும். விண்டோஸ் தன் வட்டில் கோப்புப் பெயர்களை அகராதியில் சொற்கள் இருப்பதுபோல வரிசைப்படுத்தி வைக்கிறது. அங்கே சிக்கல் இல்லை. ஆப்பிள் கணிப்பொறிகளில் 2017 வரை வழக்கத்தில் இருந்த கோப்பு முறையும் அப்படித்தான். அதற்குப் பின் வந்த புதிய முறை வரிசைக்கு உறுதி தருவதில்லை. லினக்ஸில் பெரிதும் வழங்கும் கோப்பு முறையோ, பெயரை ஒரு கணக்கால் எண்ணாக மாற்றி, அந்த எண்ணின் வரிசையில் அடுக்குகிறது. விரைவாகத் தேடி எடுக்க அதுவே வசதி. ஆனால் நம் கண்ணுக்கு அந்த வரிசை தாறுமாறாகத் தோன்றும்.

இதில் எந்த இயக்க அமைப்பின் மீதும் குற்றமில்லை. "வரிசையாகத் தருவேன்" என்று எதுவும் வாக்குக் கொடுக்கவில்லை. பெயர்களை வாங்கியதும் அகர வரிசையில் அடுக்கிக்கொள் என்று ஒரே ஒரு கட்டளை சேர்த்திருந்தால் போதும். திருத்தமும் அப்படித்தான் செய்யப்பட்டது. ஆயினும் ஒரு செய்தி நமக்கு உண்டு. அறிவியல் மாணவருக்கு இயக்க அமைப்பு என்பது திரையின் அழகோ, பொத்தான்களின் நிறமோ அல்ல. கீழே என்ன நடக்கிறது என்று எட்டிப்பார்க்க இடம் கொடுக்கிறதா என்பதே கேள்வி.

மேற்பார்வையாளரின் வேலை

கல்யாண வீட்டில் ஒரு பெரியவர் இருப்பார், கவனித்திருக்கிறீர்களா? சமையல் அவர் செய்வதில்லை, பரிமாறுவதும் இல்லை. ஆனால் எந்த அடுப்பு யாருக்கு, எந்த அண்டா எப்போது, எந்தப் பந்தி எங்கே என்பதெல்லாம் அவர் சொற்படிதான். அவர் இல்லாவிட்டால் இரண்டு சமையற்காரர்கள் ஒரே கரண்டிக்குச் சண்டையிடுவார்கள். கணிப்பொறியில் இயக்க அமைப்பு அந்தப் பெரியவர். செயலகத்தின் நேரத்தையும், நினைவகத்தின் இடத்தையும், வட்டில் உள்ள கோப்புகளையும் புரோகிராம்களுக்குப் பங்கிட்டுக் கொடுப்பது அதன் வேலை.

இன்று மாணவர் முன் நிற்பவை மூன்று: மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் விண்டோஸ், ஆப்பிளின் மேக் அமைப்பு, யாருக்கும் தனியுடைமை அல்லாத லினக்ஸ். இவற்றில் இரண்டு ஒரே மரபில் வந்தவை. 1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில், கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிச்சியும், அதிகம் பயன்படாமல் கிடந்த ஒரு சிறு கணிப்பொறிக்கு யூனிக்ஸ் என்ற இயக்க அமைப்பை எழுதத் தொடங்கினார்கள். ரிச்சி உருவாக்கிய சி மொழியில் 1973-இல் அது திருப்பி எழுதப்பட்டது. அதுவரை இயக்க அமைப்பு என்றால் ஒரு குறிப்பிட்ட யந்திரத்தோடு பிறந்து, அதோடு மடிவது வழக்கம். சி மொழிக்கு மாறியதும் யூனிக்ஸ் ஒரு யந்திரத்திலிருந்து வேறொன்றுக்குக் குடிபெயர முடிந்தது. பல்கலைக்கழகங்கள் அதை விரும்பி ஏற்றன.

1991-இல் பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயது மாணவர், தம் வீட்டுக் கணிப்பொறியிலும் யூனிக்ஸ் போன்ற ஒன்று ஓட வேண்டும் என்று விரும்பினார். அதன் கருவை எழுதினார்; எல்லோரும் படிக்கவும் திருத்தவும் திறந்தும் வைத்தார். ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983-இல் அறிவித்த குனு திட்டத்தின் கருவிகள் ஏற்கெனவே தயாராக இருந்தன. இரண்டும் கூடியதுதான் இன்று நாம் லினக்ஸ் என்று அழைப்பது. உங்கள் வீட்டில் ஆண்ட்ராய்டு கைபேசி இருந்தால், அதன் அடியில் இருப்பதும் லினக்ஸின் கருதான். ஆப்பிளின் மேக் அமைப்பும் யூனிக்ஸ் மரபில் வந்த உறவுக்காரர். விண்டோஸ் வேறு குடும்பம். ஆனால் 2016 முதல் விண்டோஸுக்குள்ளேயே ஒரு லினக்ஸ் அறையைத் திறந்துகொள்ளும் வசதியை அதன் நிறுவனமே செய்து கொடுத்திருக்கிறது. பழைய பகையாளிகள் சம்பந்தி ஆனது போல!

லினக்ஸைப் பற்றி இவ்வளவு சொல்வதற்குக் காரணம் உண்டு. உலகின் மிக வேகமான 500 கணிப்பொறிகளின் பட்டியல் ஆண்டுக்கு இருமுறை வெளியாகிறது. 2017 நவம்பர் முதல் அந்தப் பட்டியலில் உள்ள அத்தனையும் லினக்ஸில் ஓடுபவையே. நம் திருச்சிராப்பள்ளியிலேயே, தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில், 2022-இல் "பரம் பொருள்" என்ற மீகணிப்பொறி நிறுவப்பட்டது. அதன் உச்ச வேகம் 838 டெராஃபிளாப்ஸ். நம் கணக்கில் சொன்னால், ஒரு வினாடிக்கு 838 லட்சம் கோடி கணக்குகள். அதுவும் லினக்ஸ்தான்.

வானிலை, புரதத்தின் மடிப்பு, விண்மீன்களின் மோதல் போன்ற பெரிய கணக்குகள் இத்தகைய யந்திரங்களில்தான் நடக்கின்றன. உங்கள் மேசையில் அல்ல. உங்கள் கணிப்பொறி, வேலையை எழுதி அங்கே அனுப்பி, விடையை வாங்கிப் பார்க்கும் சாளரம். அப்படி அனுப்பும்போது சுட்டியும் படங்களும் இரா. கறுப்புத் திரையில் கட்டளைகளைத் தட்டச்சு செய்ய வேண்டும். முதலாண்டிலேயே அந்தக் கறுப்புத் திரைக்குப் பழகியவர், முதுகலையில் ஓர் ஆய்வுக்கூடத்துக்குள் நுழையும்போது மிரள மாட்டார்.

அப்படியானால் எல்லோரும் லினக்ஸே போடுவதா?

அவசரப்பட வேண்டாம். நீங்கள் படிக்கப்போகும் துறையைப் பொறுத்தது இது.

வானியலும் துகள் இயற்பியலும் பெரும்பாலும் லினக்ஸ், மேக் உலகம். ஐரோப்பிய அணு ஆய்வு மையமான செர்னில் உருவான ரூட் என்ற பகுப்பாய்வு மென்பொருள் அங்கேதான் இயல்பாக ஓடுகிறது. மரபணு வரிசைகளை ஆராயும் கருவிகள் பலவும் அப்படியே. ஆனால் செய்முறைக் கூடத்தில் நிற்கும் நிறமாலைமானி போன்ற கருவிகளோடு அவற்றின் உற்பத்தியாளர் தரும் மென்பொருள் பெரும்பாலும் விண்டோஸில் மட்டுமே ஓடும். வரைபடம் போடும் ஆரிஜின், யந்திர பாகங்களை வரையும் சாலிட்வொர்க்ஸ் ஆகியவையும் விண்டோஸுக்கே எழுதப்பட்டவை. ஆகவே கடைக்குப் போகுமுன் கல்லூரிக்குப் போங்கள். உங்கள் துறையில் இரண்டாம், மூன்றாம் ஆண்டு படிப்பவர்களைக் கேளுங்கள்: "செய்முறை வகுப்பில் எந்த மென்பொருளைக் கட்டாயம் என்கிறார்கள்?" இந்த ஒரு கேள்வியின் விடை, பத்து விளம்பரங்களைப் படிப்பதைவிட மேல்.

கட்டாய மென்பொருள் விண்டோஸ் என்றால் விண்டோஸ் யந்திரமே வாங்கி, அதற்குள் லினக்ஸையும் வைத்துக்கொள்வது என் கட்சி. வட்டை இரண்டாகப் பிரித்து, தொடங்கும்போது எது வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும்படி செய்யலாம். இது நமக்குப் புதிதல்ல. தமிழக அரசு 2011-இல் மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணிப்பொறி வழங்கத் தொடங்கியபோது, அவற்றுள் பலவற்றில் விண்டோஸும், சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் பக்கம் பக்கமாகவே இருந்தன. எத்தனை பேர் அந்த இரண்டாவது கதவைத் திறந்து பார்த்தார்களோ!

மேக் நல்ல யந்திரம். மின்கலம் நெடுநேரம் உழைக்கும். ஆனால் விலை அதிகம், வாங்கிய பின் நினைவகத்தைக் கூட்டிக்கொள்ள வழியில்லை. என்விடியா நிறுவனத்தின் கூடா முறையை நம்பி எழுதிய புரோகிராம்களும் இன்றைய மேக்கில் ஓடா. யாராவது பரிசாகக் கொடுத்தால் மகிழ்ச்சியோடு வாங்கிக்கொள்ளுங்கள். கடன்பட்டு வாங்க வேண்டிய அவசியம் இல்லை.

மென்பொருளுக்கு வருவோம். விலை கொடுத்து வாங்க வேண்டிய மாட்லாபைத் திருட்டுத்தனமாக நகலெடுக்கும் பழக்கம் சில விடுதிகளில் உண்டு. அந்த நகலோடு ஒட்டிக்கொண்டு வைரஸும் வரும். பெரும்பாலான பாட வேலைக்குக் குனு ஆக்டேவ், சைலாப் ஆகியவை காசில்லாமலே போதும். பைத்தான் மொழியும், அதன் எண்கணித நூலகமான நம்பையும் அப்படியே. புள்ளியியலுக்கு ஆர் என்ற மொழி உண்டு. மும்பை ஐ.ஐ.டி.யின் பேசும் பாடங்கள் திட்டத்தில் லினக்ஸ், பைத்தான், சைலாப் போன்றவற்றை வீட்டிலிருந்தே கற்கலாம். தமிழ்க் குரலிலும் பாடங்கள் உள்ளன.

எக்செல் போதாதா என்று கேட்கிறீர்களா? சிறு அட்டவணைக்குப் போதும். ஆனால் ஒரு வேடிக்கை கேளுங்கள். மனித மரபணுக்களில் சிலவற்றுக்கு மார்ச்-1, செப்ட்-2 என்பது போன்ற சுருக்கப் பெயர்கள் இருந்தன. எக்செல் அவற்றைப் பார்த்ததும், "ஆகா, தேதி!" என்று தானாகவே மார்ச் முதல் தேதி, செப்டம்பர் 2 என மாற்றிவிடும். அச்சான ஆய்வுக் கட்டுரைகளின் இணைப்பு அட்டவணைகளிலேயே இந்தப் பிழை புகுந்துவிட்டது. மென்பொருள் மாறவில்லை, கடைசியில் 2020-இல் மரபணுக்களின் பெயர்களைத்தான் மாற்ற வேண்டியதாயிற்று! அதே ஆண்டு இங்கிலாந்தில் ஏறத்தாழ 16,000 கொரோனா நோயாளிகளின் பதிவுகள் சில நாட்கள் கணக்கில் வராமல் போயின. பழைய எக்செல் கோப்பு வகையில் 65,536 வரிகளுக்கு மேல் இடமில்லை. மிஞ்சிய வரிகள் சத்தமில்லாமல் உதிர்ந்துவிட்டன. அந்த நோயாளிகளோடு பழகியவர்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேரத் தாமதமாயிற்று.

எவ்வளவு பெரிய யந்திரம்?

இதற்கு விடை சொல்ல ஒரு பென்சிலும் காகிதமும் போதும். ஒரு தசம எண்ணைக் கணிப்பொறி வழக்கமாக 8 பைட் இடத்தில் வைக்கிறது. 10,000 வரிசையும் 10,000 நிரலும் கொண்ட அணியில் பத்துக் கோடி எண்கள். ஆகவே 80 கோடி பைட், அதாவது 0.8 கிகாபைட். அதைத் தலைகீழாக்கும்போது இன்னும் இரண்டொரு நகல் தேவைப்படும். 8 கிகாபைட் நினைவகத்தில் இயக்க அமைப்பும் இணைய உலவியும் பாதியை விழுங்கியது போக, இந்தக் கணக்கு ஓடிவிடும். 50,000-க்கு 50,000 என்றால்? 20 கிகாபைட்! அந்த அணியை 8 அல்லது 16 கிகாபைட் நினைவகம் உள்ள மடிக்கணிப்பொறி தாங்காது; இத்தகைய பெரிய கணக்குகளுக்குத் திருச்சியில் இருப்பது போன்ற யந்திரங்கள் உண்டு. பக்கம் ஐந்து மடங்கானால் இடம் இருபத்தைந்து மடங்காகிறது என்பதைக் கவனித்தீர்களா? ஆகவே 8-இலிருந்து 16 கிகாபைட்டுக்குப் போவது புத்திசாலித்தனம். அதற்கு மேல் 32, 64 என்று போய் இளங்கலை மாணவர் பணத்தைக் கொட்ட வேண்டாம்.

இன்னொரு கணக்கையும் பாருங்கள். 130 கோடி ஒளியாண்டுத் தொலைவில் இரண்டு கருந்துளைகள் மோதியதால் எழுந்த ஈர்ப்பு அலை, 2015 செப்டம்பர் 14 அன்று அமெரிக்காவின் லைகோ கருவிகளில் பதிவாயிற்று. அந்தப் பதிவுகளை யார் வேண்டுமானாலும் இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளலாம். வினாடிக்கு 4,096 எண்கள் வீதம், 32 வினாடிப் பதிவில் 1,31,072 எண்கள். எண்ணுக்கு 8 பைட் என்றால் மொத்தம் ஒரு மெகாபைட்தான்! கைபேசியில் எடுக்கும் ஒரு புகைப்படம் இதைவிடப் பெரியதாக இருக்கும். அண்டத்தையே உலுக்கிய செய்தியைப் பைத்தானில் வரைந்து பார்க்க, பத்தாண்டுப் பழைய யந்திரமும் போதும்.

வட்டு விஷயத்தில் மட்டும் சிக்கனம் கூடாது. பழைய வகைச் சுழல் வட்டு நிமிடத்திற்கு 5,400 முறை சுற்றுகிறது. ஒரு சுற்றுக்கு 11 மில்லி வினாடி. வேண்டிய இடம் முனைக்குக் கீழே வரச் சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும். திண்மநிலை வட்டில் சுழலும் பாகமே இல்லை, காத்திருப்பும் இல்லை. பழைய யந்திரம் ஒன்றில் இந்த மாற்றத்தை மட்டும் செய்தாலே அது இளமை பெற்றுவிடும்.

இங்கே கையில் பணம் குறைந்தவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு நிறுத்தப்பட்டன. விண்டோஸ் 11-ஐ ஏற்க, யந்திரத்தில் ஒரு பாதுகாப்புச் சில்லும் ஓரளவு புதிய செயலகமும் வேண்டும் என்பது நிபந்தனை. ஏறத்தாழ 2017-க்கு முன் வந்த யந்திரங்கள் பலவும் இந்த வாசலில் தடுக்கப்பட்டுவிட்டன. அலுவலகங்கள் அவற்றைக் கழிக்கின்றன. கெட்டியான உடலும், நல்ல தட்டச்சுப் பலகையும் கொண்ட அந்த யந்திரங்களில் லினக்ஸ் மிக நன்றாக ஓடும். வாங்குமுன் மின்கலம் எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று மட்டும் கடையிலேயே உட்கார்ந்து பாருங்கள். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.

புதிதாக வாங்கினாலும் பழையதாக வாங்கினாலும், கணிப்பொறியின் விலையில் ஒரு பங்கை ஒதுக்கி வெளி வட்டு ஒன்றையும் வாங்கிவிடுங்கள். வாரந்தோறும் அதில் நகல் எடுங்கள். மூன்று மாதச் செய்முறைப் பதிவுகள் ஒரு டம்ளர் காபியில் மூழ்கிப் போவது கல்லூரி விடுதிகளில் அபூர்வமான நிகழ்ச்சி அல்ல.

செய்து பாருங்கள்

ஹவாய் ஆய்வாளர்களைத் திகைக்க வைத்த விந்தையை, பள்ளிக் கணிப்பொறி அறையிலேயே காணலாம். விண்டோஸ் யந்திரத்தில் ஒரு புதிய உறையைத் திறந்து, நோட்பேடின் மூலம் 1 முதல் 12 வரை எண்களையே பெயராகக் கொண்ட பன்னிரண்டு சிறு கோப்புகளைச் சேமியுங்கள். ஆனால் 5, 12, 3, 1, 10 என்று ஒழுங்கில்லாத வரிசையில் சேமியுங்கள். உறையைத் திறந்து பார்த்தால் 1, 2, 3 என்று ஒழுங்காக நிற்கும். இனிக் கறுப்புத் திரையைத் திறந்து, அதே உறையின் பட்டியலைக் கேளுங்கள். 1-க்குப் பிறகு 10, 11, 12 வந்து, அதன் பிறகுதான் 2 வரும்! அகராதி முறைக்கு 10 என்பது "1"இல் தொடங்கும் சொல் அல்லவா? ஒரே யந்திரம், இரண்டு வரிசை.

அடுத்து, காலியான ஒரு பென்டிரைவிலும் இதேபோல் தாறுமாறாகச் சேமித்துவிட்டு, கறுப்புத் திரையில் பட்டியல் கேளுங்கள். பென்டிரைவ்கள் பெரும்பாலும் ஃபேட் என்ற பழைய கோப்பு முறையைப் பின்பற்றுபவை. இப்போது என்ன வரிசை வருகிறது? நீங்கள் சேமித்த வரிசையைக் காகிதத்தில் குறித்து வைத்திருந்தால் ஒப்பிட்டுப் பாருங்கள். பள்ளியில் லினக்ஸ் யந்திரம் இருந்தால், அதே பென்டிரைவை அதில் செருகிப் பைத்தானில் பட்டியல் கேட்டுப் பார்க்கவும் மறக்காதீர்கள்.